பெட்டி ஒருவருடையது, உழைப்பு பலருடையது

ஓர் எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம். 1980களிலும் 1990களிலும் சிங்கப்பூரின் வீவக வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய ஜப்பானிய விளையாட்டுக் கருவியை மறந்திருக்க மாட்டார்கள். கருவியின் மேல் ‘நிண்டெண்டோ’ என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் அதில் செருகி விளையாடிய பேக்-மேன், பாம்பர்மேன், கான்ட்ரா ஆகியவற்றை உருவாக்கியவர் யார்?

நிண்டெண்டோ அல்ல என்பதே பதில். பேக்-மேன் நாம்கோ நிறுவனத்தின் படைப்பு. பாம்பர்மேன் ஹட்சன் நிறுவனத்துடையது. கான்ட்ராவைத் தந்தது கொனாமி. ஃபேமிகாம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தக் கருவிக்கு ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிற நிறுவனங்கள் வெளியிட்டவை. கருவியைச் செய்தவர் ஒரு தரப்பு. அதை வாங்கியவர் இன்னொரு தரப்பு. இருவருக்கும் நடுவே வந்து விளையாட்டுகளை மட்டும் வெளியிட்டவர்கள் மூன்றாம் தரப்பு. இந்த மூன்றாம் தரப்பினரின் வரலாறு வெறும் பொழுதுபோக்கின் வரலாறு அன்று. பிறருடைய இடத்தில் கடை விரித்துப் பிழைக்கும் அனைவருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கிராஞ்சியில் கிடைக்கும் விளக்கம்

இந்த உறவைப் புரிந்துகொள்ள ஜப்பான்வரை போக வேண்டியதில்லை. கிராஞ்சியில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடலை நினைத்துப் பாருங்கள். திடலை நடத்தியது சிங்கப்பூர் டர்ஃப் கிளப். ஆனால் அங்கே ஓடிய குதிரைகள் வேறு பலருக்குச் சொந்தமானவை. பயிற்சி அளித்தவர்கள், சவாரி செய்தவர்கள், லாயங்களில் இரவு பகலாகக் குதிரைகளைப் பராமரித்தவர்கள் என எத்தனையோ பேரின் உழைப்பில் பந்தயம் நடந்தது. குதிரைகள் இல்லையென்றால் திடலுக்குக் கூட்டம் வராது. திடல் இல்லையென்றால் குதிரைகளுக்கு ஓட இடமில்லை. இருவருக்கும் இருவரும் தேவை. ஆனால் விதிகளை வகுப்பவர் ஒருவர்தான்.

2023 ஜூன் மாதம், திடல் மூடப்படும் என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 124 ஹெக்டர் நிலம் வீடமைப்பு போன்ற தேவைகளுக்காக அரசாங்கத்திடம் திரும்புகிறது. சிறிய தீவில் அந்தத் தேவை நியாயமானது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் திடலை நம்பி வாழ்ந்த பயிற்றுவிப்பாளர்களும் ஊழியர்களும் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இடத்துக்குச் சொந்தக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல இங்கே கேள்வி. இடம் நம்முடையது இல்லாதபோது நம் கையில் எஞ்சுவது என்ன என்பதுதான் கேள்வி. ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்களும் இதே கேள்வியைச் சந்தித்தன.

வேலி இல்லாத பயிர்

கதையின் முதல் அத்தியாயம் அமெரிக்காவில் நடக்கிறது. அட்டாரி நிறுவனம் 1977இல் வீட்டு விளையாட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டது. தொடக்கத்தில் அதற்கான விளையாட்டுகளையும் அட்டாரியின் ஊழியர்களே உருவாக்கினார்கள். விளையாட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. ஆனால் உருவாக்கியவரின் பெயர் உறையில்கூட இடம்பெறவில்லை; விற்பனையில் பங்கும் இல்லை. மனம் வெதும்பிய நான்கு நிரலாளர்கள் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டார்கள். கருவியைச் செய்யாமல் விளையாட்டை மட்டும் வெளியிட்ட முதல் நிறுவனம் அதுதான். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆக்டிவிஷன் ஒரு தொகை செலுத்திவிட்டுத் தொழிலைத் தொடரலாம் என்று ஆயிற்று.

கதவு திறந்ததும் யார் யாரோ உள்ளே வந்தார்கள். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனம்கூட விளையாட்டு விற்கப் புறப்பட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் மலைபோல் குவிந்தன. வாங்கி ஏமாந்தவர்கள் மீண்டும் வாங்கவில்லை. விற்காத சரக்கை அட்டாரி 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரில் குழிதோண்டிப் புதைத்தது. 2014இல் அந்த இடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. அமெரிக்காவின் வீட்டு விளையாட்டுத் தொழில் இரண்டே ஆண்டுகளில் படுத்துவிட்டது.

கியோட்டோவில் வாயிற்காவல்

அமெரிக்கச் சந்தை சரிந்த அதே 1983இல், ஜூலை 15ஆம் தேதி, ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. விலை 14,800 யென். 1889இல் சீட்டுக்கட்டு செய்யும் பட்டறையாகத் தோன்றிய நிறுவனம் அது. அதன் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி. முதல் ஓராண்டுக்கு எல்லா விளையாட்டுகளையும் நிண்டெண்டோவே வெளியிட்டது. ஆனால் ஒரே சமையற்காரர் எத்தனை நாளைக்கு ஊருக்கெல்லாம் விருந்து வைக்க முடியும்?

1984 ஜூலையில் ஹட்சன் நிறுவனம் முதலாவதாக உள்ளே வந்தது. அமெரிக்க இளைஞர் ஒருவர் கணினிக்காக உருவாக்கிய ‘லோட் ரன்னர்’ விளையாட்டை அது ஃபேமிகாமுக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. அடுத்து நாம்கோ வந்தது. அதன் ‘ஸெவியஸ்’ விளையாட்டும் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஒரு விளையாட்டுக்காகவே கருவியை வாங்கியவர்களும் உண்டு. மூன்றாம் தரப்பினரால் நிண்டெண்டோவுக்குக் கிடைத்த முதல் ஆதாயம் இதுதான்: அவர்கள் விளையாட்டை விற்கும்போதே இவருடைய கருவியும் விற்றது.

இவர்கள் எல்லாம் யார்? பெரிய தொழிற்குடும்பங்களின் வாரிசுகள் அல்லர். ஹட்சன் 1973இல் ஜப்பானின் வடகோடியில் உள்ள சப்போரோ நகரில் வானொலிப் பிரியர்களுக்கான கடையாகத் தொடங்கியது. நாம்கோவின் நிறுவனர் மசாயா நாகாமுரா 1955இல் யோக்கோஹாமா நகரக் கடைத்தொகுதி ஒன்றின் மொட்டைமாடியில், குழந்தைகள் ஏறி ஆடும் இரண்டே இரண்டு மரக்குதிரைகளை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர். கொனாமி, பாட்டுப் பெட்டிகளை வாடகைக்கு விட்டும் பழுது பார்த்தும் பிழைத்தது. கோயெய் சாயப்பொருள் வியாபாரத்திலிருந்து வந்தது. ஸ்குவேர், மின்கம்பித் தொழிலில் இருந்த ஒரு நிறுவனத்தின் கிளை. எனிக்ஸ் நிறுவனத்தின் வேர், வீடு நில விளம்பர இதழில் இருந்தது.

எனிக்ஸின் கதை இன்னும் சுவையானது. அந்த நிறுவனத்தில் விளையாட்டு உருவாக்கத் தெரிந்த ஊழியர்களே இல்லை. நம் ஊர்ப் பதிப்பகத்தார் எழுத்தாளரைத் தேடுவதுபோல், போட்டி ஒன்றை நடத்தித் திறமையாளர்களைத் தேடிப் பிடித்தது. அப்படிக் கிடைத்தவர்கள்தான் யூஜி ஹோரியும் கோயிச்சி நாகாமுராவும். அவர்கள் 1986 மே மாதம் தந்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஜப்பானையே கட்டிப்போட்டது. அதன் மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரி 10ஆம் தேதி, புதன்கிழமை, வெளியானபோது கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்ற மாணவர்களைக் காவல்துறையினர் பிடித்து விசாரிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று.

ஒப்பந்தத்தின் உள்ளே

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். உள்ளே வந்தவர்கள் எந்த நிபந்தனைகளின்பேரில் வந்தார்கள்?

தொடக்கத்தில் நிண்டெண்டோவுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அதனால் ஹட்சன், நாம்கோ, தைத்தோ, கொனாமி, காப்காம், ஜாலெகோ ஆகிய முதல் ஆறு நிறுவனங்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. விளையாட்டு அடங்கிய உள்ளங்கை அளவு பெட்டியான காட்ரிட்ஜைத் தானே தயாரித்துக்கொள்ளும் உரிமை நாம்கோவுக்கு இருந்தது.

கருவி பரவப் பரவ நிலைமை மாறியது. பின்னால் வந்தவர்களுக்குக் காட்ரிட்ஜை நிண்டெண்டோவே செய்து கொடுத்தது. எத்தனை வேண்டும் என்று வெளியீட்டாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தயாரிப்புச் செலவோடு உரிமத் தொகையும் அதில் சேர்ந்திருக்கும். விளையாட்டு விற்றால் வெளியீட்டாளருக்கு லாபம். விற்காவிட்டால் நட்டம் முழுவதும் அவர் தலையில். நிண்டெண்டோவுக்கோ, சரக்கு கடைக்குப் போகும் முன்பே பணம் வந்துவிடும்.

அமெரிக்காவுக்கு 1985இல் இந்தக் கருவி போனபோது விதிகள் இன்னும் இறுகின. கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைக்கப்பட்டது. அதற்கு ஈடான சில்லு இல்லாத காட்ரிட்ஜைச் செருகினால் விளையாட்டு ஓடாது. ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிட முடியாது. வெளியிட்ட விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு நிறுவனத்தின் கருவிக்குத் தர முடியாது. கொனாமி ஒரு வழி கண்டுபிடித்தது. ‘அல்ட்ரா கேம்ஸ்’ என்ற இன்னொரு பெயரில் கிளை தொடங்கி, கூடுதல் விளையாட்டுகளை வெளியிட்டது.

இது நியாயமா?

ஒரு சாரார் நியாயமே என்பார்கள். வேலியில்லாத பயிர் என்ன ஆகும் என்பதை அட்டாரி காட்டிவிட்டது. குப்பைகளை வடிகட்டாவிட்டால் நல்ல விளையாட்டும் குப்பையோடு சேர்ந்து புதைந்துபோகும். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதால்தான் ஒவ்வொரு விளையாட்டின் தரமும் உயர்ந்தது. அமெரிக்காவில் செத்துக் கிடந்த தொழிலுக்கு உயிர் கொடுத்தது அந்தக் கட்டுப்பாடுதான். அதில் மூன்றாம் தரப்பினரும் பணம் சம்பாதித்தார்கள். மின்கம்பித் தொழிலின் கிளையாக இருந்த நிறுவனம் உலகப் புகழ் பெற்றது வேறு எப்படி?

மறுசாராரின் வாதமும் லேசானதல்ல. தரத்தைக் காக்கத் தரம் பார்த்தால் போதும். ஆண்டுக்கு ஐந்து என்று எண்ணுவதற்கும் தரத்துக்கும் என்ன தொடர்பு? அடுத்தவர் கருவிக்குத் தராதே என்பது விளையாடும் பிள்ளையைக் காக்கவா, போட்டியாளரை ஒழிக்கவா? காவலுக்கு நின்றவரே சுங்கமும் வசூலித்தால், காவல் எங்கே முடிகிறது, வசூல் எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது?

இரண்டு வாதத்திலும் உண்மை உண்டு. அதே வேலிதான் பயிரைக் காத்தது. அதே வேலிதான் உழுதவனையும் அடைத்து வைத்தது.

மரக்குதிரைக்காரரின் கோபம்

1989இல் நாம்கோவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. பழைய சலுகைகள் இனி இல்லை, எல்லாருக்கும் உள்ள விதிதான் உங்களுக்கும் என்றது நிண்டெண்டோ. நாகாமுரா கொதித்துப்போனார். தொழில் தளர்ந்திருந்தபோது தோள் கொடுத்தவர்களுக்கு இதுதானா கைம்மாறு என்பது அவருடைய மனக்குறை. நிண்டெண்டோவின் ஏகபோகத்தை வெளிப்படையாகக் குறைகூறினார். நீதிமன்றப் படியும் ஏறினார். இறுதியில் வழக்கைத் திரும்பப் பெற்று, புதிய நிபந்தனைகளை ஏற்க வேண்டியதாயிற்று. ஃபேமிகாமை விட்டுப் போக இடமில்லை. நிண்டெண்டோவுக்கு ஈடான வேறு திடல் அன்று ஜப்பானில் இல்லை.

அந்தத் திடலை ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறந்தது சோனி. 1994 டிசம்பர் 3ஆம் தேதி பிளேஸ்டேஷன் கருவி விற்பனைக்கு வந்தது. விளையாட்டுத் துறையில் சோனிக்கு நிண்டெண்டோ அளவுக்கு அனுபவம் இல்லை. சொந்தமாகப் பெரிய விளையாட்டுகளும் இல்லை. ஆகவே மூன்றாம் தரப்பினரை மரியாதையோடு வரவேற்க வேண்டிய நிலையில் இருந்தது. விலையுயர்ந்த காட்ரிட்ஜுக்குப் பதிலாக மலிவான குறுந்தட்டைப் பயன்படுத்தியது. தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகத் தயாரித்துக்கொள்ள முடிந்ததால் வெளியீட்டாளரின் நட்ட பயமும் குறைந்தது. முதல் நாளிலேயே ‘ரிட்ஜ் ரேசர்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டோடு வந்து நின்றது எந்த நிறுவனம் தெரியுமா? நாம்கோதான்.

பெரிய அடி அடுத்து விழுந்தது. ஸ்குவேர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ தொடர் 1987 முதல் நிண்டெண்டோ கருவிகளில் வந்துகொண்டிருந்தது. 1996இல் வந்த நிண்டெண்டோ 64 கருவியும் காட்ரிட்ஜையே நம்பியிருந்தது. ஸ்குவேர் உருவாக்க நினைத்த கதையோ மூன்று குறுந்தட்டுகளுக்கு விரிந்தது. அதைக் காட்ரிட்ஜில் அடைக்க வழியில்லை. 1997 ஜனவரி 31ஆம் தேதி ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனில் வெளிவந்தது. ஆறாம் பாகத்தின் காட்ரிட்ஜ் விலை 11,400 யென்னாக இருந்தது. ஏழாம் பாகத்தின் குறுந்தட்டு விலை 6,800 யென். அதே ஜனவரியில் எனிக்ஸ் நிறுவனமும் டிராகன் குவெஸ்ட்டின் அடுத்த பாகம் பிளேஸ்டேஷனுக்கே என்று அறிவித்தது. முடிவு என்ன? பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. நிண்டெண்டோ 64 மூன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை.

குதிரைகள் இடம் மாறின. கூட்டமும் கூடவே போனது.

சிங்கப்பூர் கண்ட பாடம்

இந்த உண்மையைச் சொந்த அனுபவத்தில் கற்ற சிங்கப்பூரர் ஒருவர் உண்டு. 1981இல் சைனாடவுனில் ஒரு சிறு கடையில் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூ அவர். கணினி விளையாட்டுகளில் இசை ஒலிக்கச் செய்யும் அட்டை ஒன்றை அவருடைய நிறுவனம் 1980களின் இறுதியில் அமெரிக்காவில் விற்கப் பார்த்தது. எடுபடவில்லை. காரணம், பெரும்பாலான விளையாட்டுகள் கனடாவின் ஆட்லிப் நிறுவனத்து அட்டைக்கு ஏற்றபடி எழுதப்பட்டிருந்தன. 1989இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையில் அவர் உத்தியை மாற்றினார். ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் அனைத்தும் இதிலும் ஒலித்தன. குரலும் கேட்டது. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகவும் இடம் இருந்தது. விளையாட்டு உருவாக்குவோர் பக்கம் சாய்ந்தார்கள். 1992இல் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது. ஆட்லிப் அதே ஆண்டில் நொடித்துப்போனது. கருவியின் தலைவிதியை, அதற்காக உழைக்கும் மூன்றாம் தரப்பினரே எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு முகமும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒரே காட்ரிட்ஜில் பல விளையாட்டுகளை அடைத்த கள்ளப் பிரதிகள் அந்தக் காலத்தில் தென்கிழக்காசியா எங்கும் புழங்கின. வாங்கியவருக்கு மலிவு. ஆனால் நிண்டெண்டோவுக்குக் கட்ட வேண்டியதை முன்பே கட்டிவிட்டு, விற்பனையை மட்டுமே நம்பியிருந்த வெளியீட்டாளருக்கு அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

அந்தப் பழைய நிறுவனங்களில் சில பின்னாளில் சிங்கப்பூருக்கே வந்தன. சாயப்பொருள் வியாபாரத்திலிருந்து வந்த கோயெய் 2000களில் இங்கே கிளை திறந்தது. மரக்குதிரையில் தொடங்கிய நாம்கோ 2005இல் பண்டாய் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தக் குழுமத்தின் விளையாட்டுக் கூடம் 2013இல் இங்கே நிறுவப்பட்டது. கோயெய் டெக்மோவின் சிங்கப்பூர்ப் பிரிவில் வேலை கற்ற இளைஞர்கள் சிலர் வெளியேறி ‘ஜென்டில்பிரோஸ்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் ‘கேட் குவெஸ்ட்’ என்ற பூனை வீரன் விளையாட்டு 2017இல் வெளிவந்து உலகச் சந்தைக்குப் போனது. அது கைப்பேசியிலும் ஓடியது, கணினியிலும் ஓடியது, நிண்டெண்டோ கருவியிலும் ஓடியது, பிளேஸ்டேஷனிலும் ஓடியது. ஒரே திடலை மட்டும் நம்பாத குதிரை அது.

இன்றைய வாயிற்காவலர்கள்

இன்று காட்ரிட்ஜின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பேசியின் செயலிக் கடை பிடித்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2008இல் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கு தனக்கு என்றது. 2020இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2021 முதல் சிறிய நிறுவனங்களுக்கு அந்தப் பங்கு 15 ஆகக் குறைந்தது. பூட்டுச் சில்லு, முன் அனுமதி, வாயிற்காவல், பங்கு என எல்லாம் 1980களில் கேட்ட சொற்களே. வாயிலில் நிற்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

தேக்காவில் சாப்பாடு விநியோகம் செய்யும் இளைஞரும், வாடகைக் கார் ஓட்டும் தந்தையும், காணொளி வெளியிட்டுச் சம்பாதிக்கும் மாணவியும் இன்று யாரோ ஒருவருடைய செயலியின்மேல்தான் நிற்கிறார்கள். அவர்கள் அனைவரும் மூன்றாம் தரப்பினரே. விதி ஒரே இரவில் மாறலாம். அதை மாற்றுபவரிடம் கெஞ்சவும் முடியாது.

அப்படியானால் ஜப்பானிய அனுபவம் சொல்வது என்ன? 1989இல் நாகாமுராவுக்கும் 1997இல் ஸ்குவேருக்கும் இருந்த வேறுபாட்டைப் பாருங்கள். ஒருவர் பணிய நேர்ந்தது, மற்றவர் எழுந்து போக முடிந்தது. ஸ்குவேர் அதிக வீரமுள்ள நிறுவனம் என்பதல்ல காரணம். அது புறப்பட்டபோது இரண்டாவது திடல் ஒன்று தயாராக இருந்தது. அதோடு, மக்கள் கருவியின் பெயரைவிட ‘ஃபைனல் ஃபேன்டசி’ என்ற பெயரைத் தேடினார்கள். மாற்று இடமும் சொந்தப் பெயரும் சேர்ந்து இருப்பவரை எந்த வாயிற்காவலரும் நெடுநாள் அடைத்துவைக்க முடியாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பேரம் பேசும் பலம் போய்விடும்.

வாயிற்காவலருக்கும் ஒரு பாடம் உண்டு. நிண்டெண்டோ அதைத் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டது. 2003இல் ஃபைனல் ஃபேன்டசி பெயர் தாங்கிய விளையாட்டு மீண்டும் அதன் வீட்டுக் கருவிக்கு வந்தது. 2017இல் வெளியிட்ட ஸ்விட்ச் கருவியில் சிறு நிறுவனங்களின் படைப்புகளுக்கும் தாராளமாக இடம் கொடுத்தது. சிங்கப்பூரின் பூனை வீரனும் அந்த வாயில் வழியாகத்தான் உள்ளே போனான்.

நாகாமுரா 2017 ஜனவரியில் காலமானார். பேக்-மேனைத் தெரிந்த கோடிக்கணக்கானோருக்கு அவர் பெயர் தெரியாது. ஃபேமிகாமின் உற்பத்தியும் 2003இலேயே நின்றுவிட்டது. ஆனால் பேக்-மேன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ கருவிகள் வந்து போயின. அவற்றை நம்பி உருவான நல்ல படைப்பு, அவற்றையெல்லாம் தாண்டி நிற்கிறது. பிறர் இடத்தில் உழைக்கும் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலும் எச்சரிக்கையும் அதுவே.